மருத்துவ உளவியல் படிக்க யாருக்கு வசதி இருக்கிறது?

அரசு மருத்துவமனையில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சான்றிதழ் வழங்கும் நாளில் போய்ப் பார்த்தால் தெரியும். கை கால் குறைபாட்டைப் பார்க்க எலும்பு மருத்துவர் இருப்பார். கண்ணுக்கும் காதுக்கும் ஆள் இருப்பார்கள். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையை இடுப்பில் சுமந்து வந்த தாய்தான் பல ஊர்களில் 'அடுத்த வாரம் வாங்கம்மா' என்ற பதிலோடு திரும்புகிறார். நுண்ணறிவுச் சோதனை செய்து அறிக்கை எழுத ஆள் இல்லை; இருக்கும் ஒருவரும் பக்கத்து ஊர் முகாமுக்குப் போயிருப்பார். அந்த அறிக்கை இல்லாமல் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாமல் தமிழ்நாடு அரசு மாதந்தோறும் தரும் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும் கிடையாது. பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் போனதுதான் மிச்சம்.

அந்த அறிக்கையை எழுதும் பயிற்சி பெற்றவர் மருத்துவ உளவியலாளர். இவரை மனநல மருத்துவரோடு குழப்பிக்கொள்பவர்கள் படித்தவர்களிலும் உண்டு. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் உளவியலில் முதுகலை முடித்து, அதற்கு மேல் மருத்துவமனையில் முழுநேரப் பயிற்சி பெற்றவர். மருந்து எழுத மாட்டார். நுண்ணறிவையும் நினைவாற்றலையும் ஆளுமையையும் சோதித்து அறிவது இவர் வேலை. பதற்றத்திலும் மனச்சோர்விலும் தவிப்பவர்களுக்குப் பேச்சுவழிச் சிகிச்சை தருவதும், பக்கவாதம் வந்தவரின் மூளை எதை இழந்திருக்கிறது, எதை மீட்கலாம் என்று கணிப்பதும், குடிநோயாளியின் குடும்பத்தை உட்காரவைத்துப் பேசுவதும் இவர் வேலைதான்.

நாட்டுக்கு இப்படிப்பட்டவர்கள் 20,250 பேர் தேவை, இருப்பவர்கள் 898 பேர் என்று 2015-ல் நாடாளுமன்றத்தில் மத்திய அரசு தகவல் தந்தது. அதன் பிறகு எண்ணிக்கை கூடியிருக்கிறது. தேவை அதைவிட வேகமாகக் கூடியிருக்கிறது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வு (2015-16), வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு மனநலச் சிக்கலோடு வாழ்கிறார்கள் என்று கண்டறிந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஓர் ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நல்ல உத்தரவு. ஆட்களுக்கு எங்கே போவது?

ஆட்கள் இருக்கிறார்கள். முதுகலை உளவியல் முடித்த பெண்களும் பையன்களும், பெரும்பாலும் பெண்கள், ஒவ்வோர் ஆண்டும் விண்ணப்பப் படிவத்தோடு காத்திருக்கிறார்கள். இந்தத் துறைக்கு ஆர்வலர்கள் குறைவில்லை. உள்ளே விடும் முறைதான் தகுதியைப் பார்ப்பதற்கு முன்பு வீட்டு வசதியைப் பார்க்கிறது. அதை மாற்றும் வழி மாநில அரசின் கையில் இருக்கிறது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

பெயர் மாறிக்கொண்டே இருக்கும் படிப்பு

மனநலத்துக்கென்று தேசிய அளவில் ஒரு பயிற்சி நிறுவனம் வேண்டும் என்று 1946-ல் சுகாதாரத் துறையை ஆராய்ந்த போர் (Bhore) குழு பரிந்துரைத்தது. அதன்படி 1954-ல் பெங்களூருவில் அகில இந்திய மனநல நிறுவனம் உருவானது. அடுத்த ஆண்டே அங்கே மருத்துவ உளவியலில் பட்டயப் படிப்பு தொடங்கியது. 1974-ல் அந்த நிறுவனம்தான் நிம்ஹான்ஸ் ஆனது; பட்டயப் படிப்பு பின்னர் எம்.ஃபில். ஆனது. ராஞ்சி, தேஜ்பூர், டெல்லி என்று மற்ற மனநல நிறுவனங்களும் அந்த வழியில் வந்தன. இரண்டு ஆண்டு, முழுநேரம், வார்டிலும் புறநோயாளிப் பிரிவிலும் மூத்தவர்களின் கண்காணிப்பில் பயிற்சி, முடிவில் ஓர் ஆய்வேடு. பல பத்தாண்டுகளாக இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் என்றால் இந்தப் பயிற்சியை முடித்தவர் என்றே பொருள்.

1992-ன் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் இந்தத் தொழிலைப் பதிவின்கீழ் கொண்டுவந்தது. கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து, அதன் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் தொழில் செய்யலாம். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் தெளிவாகப் போனது. மருத்துவ உளவியலாளர் யார் என்று வரையறுக்கும் இடத்தில், கவுன்சில் அங்கீகரித்த தகுதி என்று ஒரு பிரிவும், முதுகலைக்கு மேல் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். என்று இன்னொரு பிரிவும் எழுதிவைத்தது.

சட்டப் புத்தகத்தில் மை காய்ந்து மூன்று ஆண்டுகள்தான் ஆயின. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில். பட்டமே இனி வேண்டாம் என்றது. 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு அதை விதியாக்கியது. 2023 டிசம்பரில், எந்தப் பல்கலைக்கழகமும் எம்.ஃபில். சேர்க்கை நடத்தக் கூடாது, மாணவர்களும் சேர வேண்டாம் என்று அறிவித்தது. இலக்கியத்திலோ வரலாற்றிலோ எம்.ஃபில். என்பது முனைவர் பட்டத்துக்கு முந்தைய ஒரு படி. அதை எடுத்தாலும் ஆராய்ச்சி நின்றுவிடாது. மருத்துவ உளவியலில் எம்.ஃபில். என்பது தொழில் செய்வதற்கான உரிமம். இந்த வேறுபாட்டை யாரோ எடுத்துச் சொன்ன பிறகுதான் போலும், 2024 ஜனவரியில் மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டுவரை சேர்க்கை நடத்தலாம் என்று கால நீட்டிப்பு தந்தார்கள். இதற்கிடையே மறுவாழ்வுக் கவுன்சில் நான்காண்டு பி.எஸ்சி. ஹானர்ஸ், இரண்டாண்டு எம்.ஏ. என்று மருத்துவ உளவியலில் புதிய படிப்புகளை அறிமுகம் செய்தது.

பழைய முறையில் குறையே இல்லை என்று வாதிட நான் வரவில்லை. ஐந்தாண்டு உளவியல் படித்துவிட்டு மேலும் இரண்டாண்டு காத்திருக்க வேண்டும் என்பது நீண்ட பாதைதான். பள்ளி முடித்த கையோடு இத்துறைக்கு நேராக வர ஒரு வழி திறப்பது வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் பாதை மாறும் காலத்தில் நடுவில் நிற்பவர்களின் கதி என்ன? பழைய பாடத்திட்டத்தில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, எந்த ஆண்டு எந்தப் பட்டம் செல்லும் என்று தெரியாமல் நிற்கும் பெண்ணுக்கு யார் பதில் சொல்வது? பட்டம் கல்வி அமைச்சகத்தின்கீழ் வருகிறது. தொழில் பதிவு மாற்றுத்திறனாளிகள் நலத்தைப் பார்க்கும் சமூக நீதி அமைச்சகத்தின்கீழ் வருகிறது. அவர் நாளை வேலை செய்யப்போகும் மருத்துவமனை சுகாதார அமைச்சகத்தின்கீழ் வருகிறது. ஓர் அமைச்சகம் எடுக்கும் முடிவு இன்னொன்றுக்குத் தாமதமாகத் தெரிகிறது. மாணவிக்கோ எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தெரிகிறது.

தொலைநிலைக் கல்வியில் நடந்ததும் இப்படித்தான். உளவியல் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளை 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று மானியக் குழு தடை விதித்தது. நோயாளியை நேரில் பார்க்காமல் இந்தத் துறையைக் கற்க முடியாது என்பதால் அந்த முடிவை ஏற்கிறேன். ஆனால் தமிழ்நாட்டின் அரசுக் கலைக் கல்லூரிகளில் உளவியல் துறை உள்ளவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். சிறு நகரத்துப் பெண்களும் திருமணத்துக்குப் பிறகு படிக்க வந்தவர்களும் அஞ்சல்வழிதான் உளவியலுக்குள் நுழைந்தார்கள். அந்த வழியை அடைத்தவர்கள் பக்கத்து ஊர் அரசுக் கல்லூரியில் ஒரு துறையைத் திறந்துவைத்துவிட்டு அடைத்திருக்க வேண்டும்.

பணமும் வயதும்

கல்லூரியில் உளவியல் கற்பிக்கும் என்னிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும் மாணவிகளின் முதல் கேள்வி பாடத்தைப் பற்றி இருப்பதில்லை. 'எங்கே ஃபீஸ் கம்மி மேடம்?' என்பதுதான் அது. நிம்ஹான்ஸ் போன்ற மத்திய நிறுவனங்களில் கட்டணம் குறைவு, உதவித்தொகையும் உண்டு. ஆனால் இடங்கள் மிகச் சில. நாடு முழுவதும் இருந்து போட்டி. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. அங்கேயும் இடம் கொஞ்சம்தான். இவை கிடைக்காதவர்கள் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்குப் போக வேண்டும். அங்கே இரண்டாண்டுக்குக் கட்டணமே பல லட்சம். விடுதி, சாப்பாடு, சோதனைக் கருவிகள், ஆய்வேட்டுச் செலவு எல்லாம் தனி. காலையில் வார்டுக்குப் போனால் மாலைவரை விடுதலை இல்லை என்பதால் பகுதிநேர வேலை பார்த்துச் சமாளிக்கவும் முடியாது.

விண்ணப்பிப்பதற்கே செலவுண்டு. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனித் தேர்வு. ராஞ்சியில் ஒரு தேர்வு, டெல்லியில் ஒன்று, பெங்களூருவில் ஒன்று என்றால் ரயில் கட்டணமும் தங்கும் செலவும் துணைக்கு வரும் அப்பாவின் விடுப்பும் சேர்ந்துவிடும். விருதுநகர் பக்கத்துத் தீப்பெட்டித் தொழிலாளியின் மகள் எத்தனை ஊருக்குப் போவாள்?

பணத்தைவிடக் கடினமான ஒன்று வயது. முதுகலை முடிக்கும்போது அவளுக்கு இருபத்து மூன்று. முதல் முறை இடம் கிடைக்காவிட்டால் இருபத்து நான்கு. சேர்ந்து முடித்தால் இருபத்து ஆறு, இருபத்து ஏழு. எம்.டி. படிக்கும் பெண்ணுக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் உளவியல் படிக்கும் பெண்ணுக்காகக் காத்திருப்பதில்லை. 'இவ்வளவு படிச்சும் டாக்டர் இல்லையாமே' என்று உறவினர்கள் கேட்கும் கேள்விக்கு வீட்டில் பதில் இல்லை. இரண்டாம் முறை விண்ணப்பிக்கலாம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே வரன் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஓர் ஆண்டு தவறினால் அது ஓர் ஆண்டோடு முடிவதில்லை. நல்ல மாணவிகள் பலர் இந்த இடத்தில்தான் துறையைவிட்டுப் போனார்கள். இன்று அவர்களில் சிலர் பள்ளிகளில் வேறு பாடம் நடத்துகிறார்கள். சிலர் மனிதவளத் துறையில் இருக்கிறார்கள்.

'ஏன் இந்தத் துறை?'

விண்ணப்பத்திலோ நேர்காணலிலோ இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பெரும்பாலோர் எழுதுவது ஒரே பதில்: 'என் தோழிகள் எல்லாரும் கஷ்டத்தை என்னிடம்தான் சொல்வார்கள்.' நல்ல குணம்தான். ஆனால் தோழியின் கஷ்டத்தைக் கேட்பது வேறு. வாராவாரம் வந்து, எதுவுமே பேசாமல் அரைமணி நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் முன்னால் பதறாமல் உட்கார்ந்திருப்பது வேறு. தோழிக்கு ஆறுதல் சொல்லி அனுப்பலாம். சிகிச்சைக்கு வந்தவருக்கு அவசரப்பட்டு ஆறுதல் சொன்னால், அவர் சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்து போய்விடுவார். இந்த வேறுபாட்டை உணர்ந்தவர் என்று விண்ணப்பம் காட்ட வேண்டும். மனநலக் காப்பகத்திலோ சிறப்புப் பள்ளியிலோ போதை மீட்பு மையத்திலோ சில மாதங்கள் தொண்டு செய்திருந்தால் அது தானாகவே எழுத்தில் தெரியும். அங்கே பார்த்த ஒரு நாளைப் பற்றி நேர்மையாக எழுதிய ஒரு பத்தி, கோச்சிங் மையம் தரும் மாதிரிக் கட்டுரையைவிட மேலானது.

இன்னொரு பதிலும் உண்டு. அதை எழுதலாமா என்று கதவைச் சாத்திவிட்டுக் கேட்பார்கள். அம்மாவுக்கு மனச்சிதைவு நோய். அண்ணன் ஒருமுறை உயிரை மாய்த்துக்கொள்ளப் போனவர். பத்தாம் வகுப்பில் தனக்கே பதற்ற நோய் இருந்தது. சில ஆசிரியர்கள் இதை மூச்சுவிடக் கூடாது என்பார்கள். எழுதலாம் என்பதே என் கருத்து. மறைக்கச் சொல்லும் அறிவுரை, மனநோயை வெட்கக்கேடாக நினைக்கும் பழக்கத்தை இந்தத் துறைக்குள்ளேயே கொண்டுவந்து வைக்கிறது. ஆனால் எழுதும் விதம் ஒன்று இருக்கிறது. அந்த அனுபவத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது தெரிய வேண்டும். வார்டில் தன் அம்மா வயதுப் பெண் ஒருவர் மருந்தை மறுத்துக் கத்தும்போது, அவரை அம்மாவாகப் பார்க்காமல் அவராகவே பார்க்க முடியுமா? தேர்வுசெய்பவர்கள் அறிய விரும்புவது அதைத்தான். தன் காயத்துக்கு மருந்து தேடி மட்டுமே இந்தப் படிப்புக்கு வருபவர் முதலாண்டிலேயே உடைந்துபோகக் கூடும். அவர் முதலில் தனக்கான சிகிச்சையைப் பெற்றுக்கொள்ளட்டும். அதன் பிறகு வந்தால் மற்ற பலரைவிட நன்றாகவே செய்வார்; நோயாளியின் வீட்டுக்குள் நடப்பது அவருக்குத் தெரியும்.

இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டிய ஆளை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? முதுகலையில் 55 சதவீத மதிப்பெண். ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. அதற்கு மேல் ஓர் எழுத்துத் தேர்வு, பெரும்பாலும் நான்கில் ஒன்றைக் குறிக்கும் வகை. பின்பு சில நிமிட நேர்காணல். இரண்டும் ஆங்கிலத்தில். எந்தக் கோட்பாடு யாருடையது, எந்தச் சோதனையை யார் எந்த ஆண்டு உருவாக்கினார் என்பதை மனப்பாடம் செய்தவர் முன்னால் போகிறார். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுபவர் அதற்கும் முன்னால் போகிறார். தமிழ்வழியில் படித்து வந்தவர் பதில் தெரிந்தும் திக்குகிறார்.

புறநோயாளிப் பிரிவில் நிலைமை தலைகீழ். எதிரில் உட்காருபவர் 'நெஞ்சு படபடங்குது, மண்டைக்குள்ள என்னமோ ஊருது' என்பார். கூட வந்த மாமியார், 'பக்கத்து வீட்டுக்காரி செய்வினை வெச்சிட்டா' என்பார். மருமகளும் அதையே சொன்னால், அது நோயின் அறிகுறியா, ஊரே நம்புவதை அவளும் நம்புகிறாளா? பயிற்சியில் இருப்பவர் எடுக்க வேண்டிய மிகக் கடினமான முடிவுகளில் இது ஒன்று. தவறான பக்கம் சாய்ந்தால் நோயில்லாதவருக்கு மாத்திரை போகும். அல்லது நோயுள்ளவர் சிகிச்சை இல்லாமல் திரும்பிப் போவார். எவ்வளவு உறுதியாக நம்புகிறாள், வீட்டில் மற்றவர்கள் எந்த அளவு நம்புகிறார்கள், எப்போதிலிருந்து சமைக்கவில்லை, தூங்கவில்லை, குழந்தையைத் தூக்கவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வர வேண்டும். அந்தக் குடும்பம் குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கிவிட்டு வந்திருக்கும். ஏர்வாடி தர்காவுக்கும் போயிருக்கும். அதைச் சொல்லும்போது முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும். சுளித்தால் அடுத்த கேள்விக்கு உண்மையான பதில் வராது. கோடாங்கி வீட்டு வாசலைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு இது இயல்பாக வரும். நம் தேர்வுமுறையில் அதற்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை.

மொழிதான் சிக்கல் என்பதால் தமிழில் வினாத்தாள் போட்டால் மட்டும் தீர்ந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. பாடநூல்களும் ஆய்விதழ்களும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. படிக்கத் தெரிந்தாக வேண்டும். நேர்காணலில் ஒரு பகுதியை மட்டும் மாற்றலாம். ஒரு நோயாளியின் கதையைத் தமிழில் பதினைந்து நிமிடம் கேட்கவைத்து, அதை எழுதித் தரச் சொல்லலாம். எதை விட்டுவிட்டார், எதைத் தன்னிச்சையாகச் சேர்த்தார் என்பதைப் பார்த்தால் அவர் நல்ல உளவியலாளர் ஆவாரா என்று பெருமளவு தெரிந்துவிடும்.

இடம் குறைந்தால் யார் நுழைகிறார்கள்?

தகுதியுள்ளவர்களை வெளியே நிறுத்தினால் அந்த வேலை நடக்காமல் நின்றுவிடுவதில்லை. தகுதியில்லாதவர்கள் வந்து செய்கிறார்கள். இரண்டு நாள் பயிற்சியில் 'தெரபிஸ்ட்' சான்றிதழ் கொடுக்கிறார்கள். ஆறு மாத இணையவழிப் படிப்பு முடித்தவர் பெயருக்கு முன்னால் மருத்துவ உளவியலாளர் என்று பலகை வைக்கிறார். பதிவு இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் 1992 சட்டப்படி ஓராண்டுவரை சிறை, அல்லது 1,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய் இன்று ஓர் அமர்வுக்கு வாங்கும் கட்டணம்கூட இல்லை.

அரசின் திட்டமே இந்தப் பற்றாக்குறையோடு சமரசம் செய்துகொண்டிருக்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்று தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. மனநோயாளிகளை அவரவர் மாவட்டத்திலேயே பார்க்க வேண்டும் என்ற பேச்சுக்கு அதன் பிறகுதான் வேகம் வந்தது. 1996-ல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டக் குழுவிலும் ஒரு மருத்துவ உளவியலாளர் இருக்க வேண்டும். ஆனால் வழிகாட்டு நெறிமுறை 'மருத்துவ உளவியலாளர் அல்லது பயிற்சி பெற்ற உளவியலாளர்' என்கிறது. கிடைக்க மாட்டார்கள் என்று தெரிந்தே எழுதிய 'அல்லது' அது. அந்த இடத்தில் வேலை செய்யும் உளவியல் பட்டதாரிகளை நான் குறை சொல்லவில்லை. குறைந்த தொகுப்பூதியத்தில் பெரிய வேலை செய்கிறார்கள். அவர்களுக்கே மேற்பயிற்சிக்கு வழி இல்லை என்பதுதான் வருத்தம்.

பிரிட்டனில் இந்தப் பயிற்சி மூன்றாண்டு முனைவர் பட்டம். அங்கேயும் போட்டி கடுமைதான். இரண்டு மூன்று முறை விண்ணப்பித்து இடம் பெறுபவர்கள் உண்டு. ஆனால் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை நிதி தரும் இடத்துக்குத் தேர்வானவர் அந்தச் சேவையின் ஊழியர். முதல் மாதத்திலிருந்து சம்பளம். பயிற்சியின்போதே அவர் நோயாளிகளைப் பார்க்கிறார், அது வேலைதான் என்று அந்த நாடு ஒப்புக்கொள்கிறது. அவ்வளவு தூரம் போகாமல் நம் ஊரையே பார்ப்போம். அரசு மருத்துவக் கல்லூரியில் மனநல மருத்துவத்தில் எம்.டி. படிப்பவருக்கு அரசு மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது. நியாயம்தான்; அவர்தான் வார்டை இரவும் பகலும் பார்த்துக்கொள்கிறார். அதே மாதிரி வார்டில், அதே மாதிரி நோயாளியிடம் மணிக்கணக்கில் பேசி வரலாறு எடுத்து, சோதனை நடத்தி அறிக்கை எழுதும் உளவியல் மாணவி தனியார் நிறுவனத்துக்குப் பல லட்சம் கட்டிவிட்டுத்தான் அந்த வேலையைச் செய்கிறாள்.

தமிழ்நாட்டில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மனநலத் துறையும் நோயாளிகளும் அங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள். 1794-ல் தோன்றிய காப்பகத்தின் தொடர்ச்சியாக வந்த கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. போதாதது பயிற்சி தரும் தகுதியுள்ள மூத்த உளவியலாளர் பணியிடங்கள்தான். மறுவாழ்வுக் கவுன்சில் கேட்கும் அந்த ஆசிரியர் இடங்களை உருவாக்கி நிரப்பினால், கல்லூரிக்கு இரண்டு இடம் என்று வைத்தாலும் காலப்போக்கில் ஆண்டுக்கு 72 பேர். எம்.ஃபில். என்ற பெயரில் நடந்தாலும் எம்.ஏ. என்ற பெயரில் நடந்தாலும் தேவைப்படுவது வார்டும் வழிகாட்டியும் உதவித்தொகையும்தான். அரசு இடங்கள் என்றால் 69 சதவீத இடஒதுக்கீடு பொருந்தும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் அது இல்லை. மனநலச் சேவையில் யார் நோயாளியின் எதிரில் உட்காருகிறார் என்பதையே இந்த இடஒதுக்கீடு மாற்றிவிடும். மருத்துவர்களிடம் வாங்குவதுபோல், உதவித்தொகை பெற்றவர்களிடமும் இரண்டாண்டு அரசுப் பணி செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் வாங்கலாம். சான்றிதழ் முகாம்களுக்கும் மாவட்ட மனநலத் திட்டத்துக்கும் கல்லூரி ஆலோசனை மையங்களுக்கும் அவர்களை அனுப்பலாம்.

இந்த ஆண்டு விண்ணப்பிக்க இருப்பவர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்பு, அந்த நிறுவனத்தின் அந்தப் படிப்புக்கு அந்தக் கல்வியாண்டுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று மறுவாழ்வுக் கவுன்சிலின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். 'விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்' என்ற வாய்மொழியை நம்பாதீர்கள். பதிவு எண் கிடைக்காவிட்டால் இரண்டாண்டும் வீண். பழைய மாணவர் ஒருவரைத் தேடிப்பிடித்து, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மூத்தவர் உட்கார்ந்து வழிகாட்டுகிறார் என்று கேளுங்கள். கட்டடத்தையும் விடுதியையும் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். இடம் கிடைக்காத ஆண்டைத் தோல்வி என்று நினைக்காமல் நோயாளிகள் உள்ள இடத்தில் செலவிடுங்கள். பெங்களூரு உங்கள் எண்ணம் என்றால் கன்னடம் கொஞ்சம் கற்றுக்கொண்டு போங்கள். அங்கே கிருஷ்ணகிரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வரும் தமிழ் நோயாளிகளும் உங்களுக்காகக் காத்திருப்பார்கள்.

அரசிடம் கேட்பது இதுதான். 36 கல்லூரிகளுக்கும் ஒரே நாளில் ஆசிரியர்களைக் கொண்டுவர முடியாது என்பது புரிகிறது. சென்னை, மதுரை, கோவை, திருநெல்வேலி, தஞ்சாவூர் ஆகிய ஐந்து இடங்களில் தலா இரண்டு பேரோடு தொடங்கட்டும். ஆண்டுக்குப் பத்துப் பேருக்கு உதவித்தொகை தருவது தமிழ்நாடு அரசுக்குப் பெரிய செலவு அல்ல. அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே அதை அறிவிக்கலாம்.